கதவின் கண்ணைக் கட்டாதீர்கள்!



நமது இதழில் வரி, உரிமம், விலை நிலவரம் பற்றியெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு கதவைப் பற்றி. கதவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைக்கோ கிடங்குக்கோ மோட்டார் ஷட்டர் போட்டிருப்பவர்களும், போட எண்ணியிருப்பவர்களும் அவசியம் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை அமெரிக்காவில் குடிவைத்திருப்பவர்கள் இதை அவர்களுக்கும் படித்துச் சொல்லலாம்.

நான் விருதுநகரில் பருப்பு, மல்லி, வற்றல் மொத்த வியாபாரம் செய்து வருபவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மின்சார வேலை கற்றவன் அல்லன். ஃப்யூஸ் போனால் கட்டையில் கம்பி கட்டத் தெரியும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் நானும் என் துணைவியாரும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் நகருக்கு வெளியே குடியிருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே கற்றதைத்தான் எழுதுகிறேன். கற்றதைவிட, அங்கே போய் உணர்ந்தது என்று சொல்வது பொருந்தும்.

அந்த ஊர்க் கதவு

அங்கே பல வீடுகளுக்கு முகப்பே கார் நிறுத்தும் அறைதான். மகள் வீட்டில் அதற்கு 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரே கதவு. நம் ஊர் ஷட்டர் போல அது சுருளாது. குறுக்கே நான்கு பட்டைகளாக, கீல் வைத்துச் செய்திருக்கிறார்கள். இரு பக்கமும் உள்ள தண்டவாளத்தில் ஏறி, கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சி. ஜி. ஜான்சன் என்பவர் இப்படி மேலே ஏறும் கதவை 1921-ல் செய்தார். 1926-ல் அதற்கு மின்சார மோட்டாரும் கொண்டுவந்தார். இன்று அந்த நாட்டில் இது சாதாரணப் பொருள்.

நூறு கிலோ அளவில் எடை வரும் இந்தக் கதவைத் தூக்குவது அரைக் குதிரைத்திறன் மோட்டார் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகுதான் பார்த்தேன். கதவுக்கு மேலே சுவரோடு ஒரு தண்டில் பெரிய சுருள்வில் பூட்டியிருக்கிறது. தராசில் ஒரு தட்டுச் சரக்குக்கு மறு தட்டில் எடைக்கல் நிற்பது போல, கதவின் பாரத்தை அந்த வில்தான் தாங்குகிறது. மோட்டார் தள்ளிவிடும் வேலையை மட்டும் செய்கிறது.

கதவு மூட மறுத்தது

நாங்கள் போன மூன்றாம் நாள் மாலை, மகள் நாலு வயதுப் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, காரை உள்ளே விட்டு, கதவை மூடப் பொத்தானை அழுத்தினாள். கதவு ஒரு முழம்கூட இறங்கவில்லை. நின்று, திரும்ப மேலேறிவிட்டது. கூரையில் உள்ள மோட்டார்ப் பெட்டியின் விளக்கு பத்து முறை கண்சிமிட்டியது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே கதை.

பிறகு சுவரில் உள்ள பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தாள். கதவு முழுவதும் இறங்கி மூடியது.

"ஒரு வாரமா இப்படித்தான்ப்பா. அழுத்திப் பிடிச்சா மூடிரும்" என்றாள்.

ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமே என்றேன். வந்து எட்டிப் பார்ப்பதற்கே நூறு டாலருக்குக் குறையாது, அதுவும் அடுத்த வாரம்தான் நேரம் கொடுப்பார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கோ பொழுது போகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குச் சும்மா இருப்பது பெரிய தண்டனை. நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கண்கள்

கதவின் இரு பக்கமும், தண்டவாளத்தின் அடியில், தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள் இரண்டு சிறு பெட்டிகள் எதிரெதிராக இருக்கின்றன. அவைதாம் கதவின் கண்கள். சென்சார் என்கிறார்கள். ஒரு கண் நம் பார்வைக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிர்க் கண் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். நடுவே குழந்தையோ, நாயோ, சாமானோ வந்து ஒளி தடைப்பட்டால் கதவு இறங்காது. இறங்கிக்கொண்டிருந்தால் நின்று மேலே போய்விடும்.

இதில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரவுக் காவலுக்கு வரும் கூர்க்கா மணிக்கு ஒரு முறை விசில் ஊதுகிறார். விசில் கேட்டால் எல்லாம் நலம் என்று தூங்குகிறோம். கேட்கவில்லை என்றால் எழுந்து பார்க்கிறோம். இந்தக் கண்ணும் அப்படித்தான். "வழி காலியாக இருக்கிறது" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது நின்றால், ஆள் குறுக்கே வந்தாலும் சரி, கம்பி அறுந்தாலும் சரி, கண்ணில் தூசி அடைந்தாலும் சரி, ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு கதவு மூட மறுக்கும். ஆகவே கதவு மூடாவிட்டால் காவலாளி கெட்டுப்போனான் என்று பொருளல்ல. காவலாளி எதையோ சொல்ல முயல்கிறான் என்று பொருள்.

பேரேடு இடிக்கும்போது பார்ப்பது போல

பேரேட்டில் கணக்கு இடித்தால் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் கலைத்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அப்படியே இதையும் பார்த்தேன்.

முதலில் வழியைப் பார்த்தேன். துடைப்பம், செருப்பு, காய்ந்த இலை எதுவும் இரு கண்களுக்கும் நடுவே இல்லை.

இரண்டாவது, கண்களைத் துடைத்தேன். ஒன்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியே போதும். எண்ணெயோ, சொரசொரப்பான துணியோ வேண்டாம். கண்ணாடி கீறிப்போகும்.

மூன்றாவது, விளக்குகள். ஒவ்வொரு கண்ணிலும் கடுகளவு ஒரு விளக்கு உண்டு. மகள் வீட்டு இயந்திரத்தில் ஒளி அனுப்பும் கண்ணில் மஞ்சள், வாங்கும் கண்ணில் பச்சை. இரண்டும் அசையாமல் எரிய வேண்டும். வேறு நிறுவனப் பொருள்களில் நிறம் மாறலாம். மஞ்சள் எரியாவிட்டால் அந்தக் கண்ணுக்கு மின்சாரம் வரவில்லை. கம்பியைப் பார்க்க வேண்டும். மஞ்சள் எரிந்து பச்சை எரியாவிட்டால், அல்லது துடித்தால், ஒளி சரியாகப் போய்ச் சேரவில்லை. இங்கே மஞ்சள் நிலையாக எரிந்தது. பச்சை துடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது, கண்ணைத் தாங்கும் தகடு. பச்சைக் கண்ணின் தகடு லேசாக வளைந்து, கண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பேரனின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தகட்டின் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூல் பிடித்தேன். நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்க நூல் கட்டுவார்களே, அதுபோல. நூல் நேராக நின்றதும் கண்ணை அதற்கு ஒத்துத் திருப்பினேன். பச்சை துடிப்பதை விட்டு நிலையாக எரிந்தது. திருகை இறுக்கிவிட்டு, நூலை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கதவு மரியாதையாக இறங்கி மூடியது.

வீட்டில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. துணைவியார்கூடப் பாராட்டினார். ஆனால் மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு மீண்டும் மூட மறுத்தது!

மாலையில் மட்டும் வரும் கோளாறு

மறுபடி நூல் பிடித்தேன். நேராகத்தான் இருந்தது. கம்பியைப் பார்த்தேன். சுவரோடு கம்பியை அடித்திருக்கும் ஆணி உறையைக் கிழித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். இரண்டும் இல்லை. சந்தேகம் தீர மோட்டார்ப் பெட்டியையும் பார்த்தேன். ரிமோட்டைப் பழக்கும் பொத்தானுக்கு அருகே ஒரு சிறு விளக்கு உண்டு. அந்த இயந்திரத்தின் கையேட்டின்படி, அது ஒரு முறை விட்டு விட்டு மின்னினால் கண்ணின் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு முறை மின்னினால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது மாற்றிக் கட்டப்பட்டிருக்கின்றன. நான்கு முறை மின்னினால் கண்கள் நேராக இல்லை, அல்லது ஒளி தடைப்படுகிறது. எண்ணிப் பார்த்தேன். நான்கு. இந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தந்தக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பியில் குற்றமில்லை, கண்கள் நேராக இருக்கின்றன, வழியில் எதுவும் இல்லை. பிறகு ஏன் தடை? அப்போது பழைய வியாபாரப் பழக்கம் ஒன்று கைகொடுத்தது. சரக்கு எடை குறைந்தால் எவ்வளவு குறைந்தது என்பதோடு எப்போது குறைந்தது என்றும் கேட்போம். இரண்டு நாள் ஒரு தாளில் குறித்துவைத்தேன். காலை 8 மணி, மூடியது. பகல் 12, மூடியது. மாலை 5, மூடவில்லை. இரவு 8, மூடியது.

அந்தக் கதவு மேற்குப் பார்த்தது. அக்டோபர் மாத மாலை வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வந்து, வடபக்கம் இருந்த பச்சைக் கண்ணின் முகத்தில் அடித்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது. கண்டாமணி அடிக்கும் இடத்தில் காதோடு சொன்ன ரகசியம் கேட்காதது போல, சூரியனின் வெளிச்சத்தில் மஞ்சள் கண் அனுப்பிய ஒளி பச்சைக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

சோதிக்க ஒரு அட்டைத்துண்டை எடுத்து, இரு கண்களுக்கும் நடுவே வராமல், வெயில் வரும் பக்கம் மட்டும் மறைப்பாகப் பிடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கதவு இறங்கியது. நோய் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை சொன்ன குறுக்கு வழி

அன்றிரவு சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் விவரம் சொன்னேன். அவர் சொன்னார்:

"மாமா, ஆபீஸில் ஒருத்தர் வேற வழி சொன்னார். ரெண்டு சென்சாரையும் கழற்றி, மேலே மோட்டார் பக்கத்துல ஒண்ணை ஒண்ணு பார்க்கிற மாதிரி வச்சு டேப் சுற்றிடுங்கன்னார். அப்புறம் எந்தத் தொந்தரவும் வராதாம். அவர் வீட்டுல அப்படித்தான் இருக்காம்."

அவர் சொன்னது உண்மைதான். அப்படிச் செய்தால் இரு கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, "வழி காலி, வழி காலி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கதவு எந்நேரமும் மூடும். கீழே யார் இருந்தாலும் மூடும்.

நான் வாயிலிருந்த சோற்றை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை சொன்னதற்காக அல்ல. அதே வேலையை நானே என் கிடங்கில் செய்திருந்தேன்.

2018-ல் எங்கள் கிடங்குக்கு மோட்டார் ஷட்டர் போட்டோம். அதிலும் இதுபோல் ஒரு ஜோடிக் கண் இருந்தது. சாக்கு நாரும் வற்றல் தூசியும் பறக்கிற இடம். பத்து நாளைக்கு ஒரு முறை கண் அடைத்துக்கொண்டு ஷட்டர் பாதியில் நிற்கும். லாரி காத்திருக்கும், ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரு நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"துணி வச்சுத் துடைச்சாப் போதும் அண்ணாச்சி" என்றார்.

"தினம் யாரய்யா துடைக்கிறது? கழற்றிப் போட்டு நேரா இணைச்சு விடும்" என்றேன்.

அவர் தயங்கினார். பிறகு கம்பிகளை முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போனார். அதன்பின் ஷட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. நல்ல வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாள் சாயங்காலம். சாரல் அடிக்கிறது, ஷட்டரை இறக்கு என்று உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தேன். கடைப்பையன் ரிமோட்டை அழுத்தினான். வாசல்படியில் கிடந்த கடைசி உளுந்து மூட்டையைக் குனிந்து இழுத்துக்கொண்டிருந்த லோடுமேனை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. யாரோ கத்தினார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டார். ஷட்டர் மூட்டைமேல் இறங்கி அழுத்தியது. சாக்கு கிழிந்து உளுந்து வாசலெல்லாம் சிதறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பார்த்து வேலை செய்யக்கூடாதா?" என்று அந்த மனிதரைத்தான் ஏசினேன். சேற்றில் கலந்துபோன ஏழு கிலோ உளுந்தை அன்றிரவு சேதாரக் கணக்கில் எழுதினேன். அவர் காலைப் பற்றி எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசையில், பேரன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கதவுக்கு அடியில் வந்துபோனது கண்முன் நின்றது. என் பேரன் என்றதும் எனக்குப் பதறுகிறது. இன்னொருவர் மகன் என்றபோது ஏழு கிலோ உளுந்துதான் கண்ணில் பட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் இப்படி இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

மணியைப் பார்த்தேன். அங்கே இரவு 9, நம் ஊரில் காலை 7.30. மகனுக்குப் போன் போட்டு, இன்றே கிடங்குக் கண்ணைத் திரும்பப் பொருத்த வேண்டும், பொருத்தும்வரை ரிமோட்டைக் கல்லாவில் வைத்துப் பூட்டு என்றேன்.

"நீங்கதானப்பா கழற்றச் சொன்னீங்க!" என்றான்.

"நான்தான் சொன்னேன். நான்தான் இப்போது போடவும் சொல்கிறேன்" என்றேன்.

கண் வந்த வரலாறு

இந்தக் கண்ணை அந்த நாட்டு அரசாங்கம் சும்மா கட்டாயமாக்கவில்லை. முன்பெல்லாம் கதவு எதன்மேலாவது மோதிய பிறகே திரும்பும் ஏற்பாடு இருந்தது. அது சரியாக வேலை செய்யாத இடங்களில் குழந்தைகள் அகப்பட்டுக்கொண்டார்கள். 1982 மார்ச் முதல் ஏறத்தாழ 60 குழந்தைகள், 2 வயதிலிருந்து 14 வயது வரை உள்ளவர்கள், தானியங்கிக் கதவின் அடியில் சிக்கி இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கை அறிக்கையில் சொன்னது. ஆண்டுக்குச் சுமார் நான்கு குழந்தைகள். 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் வீட்டு உபயோகத்துக்குத் தயாராகும் இயந்திரங்களில், ஆள் அகப்படாமல் தடுக்கும்படி ஒளிக்கண்ணோ, கதவின் விளிம்பில் தொட்டால் உணரும் பட்டையோ இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். டேப் சுற்றிக் கூரையில் வைக்கச் சொல்லும் அந்தக் கண்ணுக்குப் பின்னால் இத்தனை வீடுகளின் துக்கம் இருக்கிறது.

மறுநாள் மாப்பிள்ளையும் நானுமாக வேலையை முடித்தோம். மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரு கண்களையும் இடம் மாற்றினோம். வெயில் அடிக்கும் வடபக்கத்துக்கு ஒளி அனுப்பும் மஞ்சள் கண் போயிற்று. வாங்கும் பச்சைக் கண் நிழலான தென்பக்கத்துக்கு வந்தது. அனுப்புகிறவனுக்கு வெயில் அடித்தால் நஷ்டமில்லை. நூல் பிடித்து நேராக்கினோம். செலவு ஒன்றுமில்லை. நாங்கள் புறப்படும்வரை, ஐந்து வாரமும், மாலை ஐந்து மணிக்கும் கதவு தவறாமல் மூடியது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

அமெரிக்காவில் உள்ள உங்கள் பிள்ளைகள் வீட்டிலும் இந்தத் தொல்லை வரலாம். வழி, துடைப்பு, விளக்கு, தகடு, கம்பி, வெயில் என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றோடு மேலும் நான்கு விஷயம்.

1. சுவர்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து மூடுவது அவசரத்துக்கு மட்டுமே. அப்போது கண்ணின் காவல் இல்லை. கதவு தரையைத் தொடும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

2. மாதம் ஒரு முறை சோதனை செய்ய வேண்டும். ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கதவுக்கு நேர் கீழே தரையில் படுக்க வைத்து மூடினால், கட்டையைத் தொட்டதும் கதவு திரும்ப மேலேற வேண்டும். அதேபோல் கதவு இறங்கும்போது கண்ணுக்குக் குறுக்கே துடைப்பக் கட்டையை நீட்டினாலும் திரும்ப வேண்டும். கையையோ காலையோ வைத்துச் சோதிக்கக் கூடாது.

3. மேலே உள்ள சுருள்வில்லையும், அதைச் சேர்ந்த இரும்புக் கயிற்றையும் தொடவே கூடாது. அவை கதவின் பாரம் முழுவதையும் முறுக்கி வைத்திருக்கின்றன. தெரியாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு ஆள் கூப்பிடத்தான் வேண்டும்.

4. மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். கதவு மூடியிருக்கும்போது மட்டும் அதை இழுக்க வேண்டும். கதவு திறந்திருந்து, வில்லும் உடைந்திருந்தால் கதவு அப்படியே கீழே விழும்.

நம் கடைக்கும் கிடங்குக்கும்

நம் ஊரில் பல இடங்களில் மோட்டார் ஷட்டருக்குக் கண்ணே பொருத்துவதில்லை. கேட்டால் தனியாகச் செலவாகும் என்கிறார்கள். மோட்டாருக்கும் தகட்டுக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் இது சிறு தொகைதான். நான் என் கிடங்கில் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

புதிதாக ஷட்டர் போடுகிறவர்கள் மதிப்பீட்டுச் சீட்டிலேயே கண் உண்டு என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் குறுக்கே கட்டையை நீட்டி, இறங்கும் ஷட்டர் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பாக்கித் தொகையைக் கொடுங்கள்.

கண்ணைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்தால் காலும் மூட்டையும் தெரியும். ஆனால் லாரியோ டெம்போவோ பின்பக்கமாக வந்து வாசலுக்குள் நிற்கும்போது, ஒளி வண்டியின் அடியில் புகுந்து போய்விடும். வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சரக்கு ஏற்றி இறக்கும் வாசலுக்கு, வண்டித் தட்டின் உயரத்தில் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். நான் இரண்டு ஜோடி போட்டிருக்கிறேன்.

தள்ளுவண்டி இடித்துக் கண் திரும்பிவிடாதபடி, வெளிப்பக்கம் ஒரு இரும்பு ஆங்கிளைத் தரையில் ஊன்றி மறைப்புக் கொடுங்கள். மேற்குப் பார்த்த வாசலானால் ஒளி வாங்கும் கண் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மாலை வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் ஊரில் ஆடியில் விழும் வெயில் மார்கழியில் பக்கம் மாறிவிடும். அதனால் கண்ணுக்கு ஒரு சிறு மூடியும் போட்டுவிடுவது நல்லது.

காலையில் கடை திறந்து வாசல் கூட்டும் பையனே கண்ணையும் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடட்டும். அரை நிமிட வேலை. "தினம் யார் துடைக்கிறது" என்று நான் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடை கழுவும்போது கண்ணின்மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

ரிமோட் பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தால் பொத்தான் தானே அழுந்தும். வாசலைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நின்று யாரும் ஷட்டரை இறக்கக் கூடாது. என்னைப்போல் உள்ளிருந்து குரல் கொடுக்கவும் கூடாது.

கண் இல்லாத பழைய ஷட்டராக இருந்தால், பொத்தானைப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடி, விட்டால் நின்றுவிடும்படி மாற்றித்தரச் சொல்லுங்கள். கண் பழுதானால் சங்கிலியைப் பிடித்துக் கையால் இறக்குங்கள். கம்பியை முறுக்கிச் சேர்க்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மோட்டார்ப் பெட்டியைத் திறக்கும் வேலை எதுவானாலும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகு எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

நிற்க. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். துடைப்பக் கட்டையை நீட்டினேன், ஷட்டர் நின்று மேலேறியது. அந்த லோடுமேனைக் கூப்பிட்டு, அன்றைக்கு உம்மை ஏசியது தப்பு, குற்றம் என்னுடையது என்று சொன்னேன். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து,

"புதுக் கண்ணு போட்டிருக்கீகளாமே அண்ணாச்சி, இனி மூட்டைய வாசல்லயே போட்டு வைக்கலாம்ல?" என்று கேட்டார்.

"வைக்கவே கூடாது" என்றேன்.

கண் இருக்கிறது என்பதற்காக வாசலில் மூட்டையை அடுக்குவதும், கண்ணைக் கட்டிவிட்டு ஷட்டரை இறக்குவதும் ஒரே தவறுதான். இன்று மாலை கடை அடைக்கும்போது உங்கள் ஷட்டரை ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி வணிகச் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.